ஆய்வுக்கூடத்தில் ஒரு ஆள், சபையில் இன்னொரு ஆளா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. வாரத்தில் ஆறு நாள் ஆய்வுக்கூடம், ஞாயிறு சபை. இரண்டு இடத்திலும் வேறு வேறு ஆளாக வாழ்வதுபோல இருக்கிறது. "உன் ஆராய்ச்சி கடவுளுக்குச் சாட்சியாக இருக்க வேண்டும்" என்று சபையில் சொல்கிறார்கள். "அதையெல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா" என்று ஆய்வுக்கூடத்தில் சொல்கிறார்கள். விசுவாசத்தையும் ஆராய்ச்சியையும் எப்படிச் சேர்ப்பது, கடவுள் நம்பிக்கை இல்லாத நெறியாளரிடம் இதைச் சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக உயிர்வேதியியலில் இருக்கிறேன். நானும் இதே கேள்வியோடுதான் உள்ளே வந்தேன். இரண்டும் சேரும் இடத்தைப் பல வருடம் தவறான பக்கத்தில் தேடினேன். ஆய்வின் தலைப்பில் கடவுள் தெரிய வேண்டும், முடிவுரையில் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். கடைசியில் அந்த இடம் என் குறிப்பேட்டில் இருந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு மாதிரியையும் நான்கு முறை அளக்க வேண்டும். ஒரு நாள் மாலை மூன்று அளவுகள் அருகருகே வந்தன, நான்காவது எங்கோ போய் நின்றது. அதன்மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் "பிப்பெட் பிழை" என்று எழுதினேன். திரவத்தை அளந்தெடுக்கும் அந்தப் பிப்பெட் குழாயில் பிழை நடந்ததை நான் பார்க்கவே இல்லை. அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பேனாவை மூடும்போது, ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம் தானாக வந்து நின்றது: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். சிறு வயதில் அது கடைக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஒரு வருடத்தில் 11 அளவுகளை அடித்திருந்தேன். அந்த 11-உம் என் கருதுகோளுக்கு எதிரானவை. எனக்குச் சாதகமாகத் தள்ளிப்போன அளவுகளும் அதே பக்கங்களில் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் சந்தேகப்பட்டிருக்கவில்லை. உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில் பையில் பெரிதும் சிறிதுமாகப் பலவித நிறைகற்களை வைத்திருக்க வேண்டாம் என்று வருமே, வாங்க ஒரு கல், விற்க ஒரு கல், என் பையில் இருந்தது அதுதான். நான் பொய்யாக ஒரு எண்ணையும் எழுதவில்லை. ஆனால் பிடிக்காத எண்ணைக் கேட்ட கேள்வியைப் பிடித்த எண்ணிடம் கேட்கவில்லை.

மறுநாள் குறிப்பேட்டை நெறியாளரின் மேசையில் வைத்தேன். அவரும் எந்த மதத்தையும் நம்பாதவர். கோபப்படவில்லை. எந்த நிலையில் ஒரு அளவை நீக்கலாம் என்ற விதியைச் சோதனைக்கு முன்பே எழுதித் தேதி போட்டு வை, அப்புறம் எண் எப்படி வந்தாலும் விதியைத் தொடாதே என்றார். அடித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துக் கணக்கிட்டபோது நாங்கள் கண்ட விளைவு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. கட்டுரை ஏழு மாதம் தள்ளிப்போய், நினைத்திருந்ததைவிடச் சிறிய ஆய்விதழில் வெளியானது.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். நேர்மையாக அளக்கும் முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாத்திகர். நேர்மை நம் வீட்டுச் சொத்து என்று எந்த விசுவாசியும் நினைத்துவிடக் கூடாது. நியாயப்பிரமாணத்தின் கிரியை அந்தப் பிரமாணம் இல்லாத புறஜாதியாரின் இருதயத்திலும் எழுதியிருக்கிறது என்று பவுலே ரோமர் நிருபத்தில் சொல்கிறார். விசுவாசம் எனக்குக் கொடுத்தது வேறொன்று: யாரும் கேட்கப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த இரவில் அந்தக் குறிப்பேட்டைத் திறக்க வைத்த பயமும், மறுநாள் அதைக் கொண்டுபோய் வைக்கும் தைரியமும். தவறை ஒப்புக்கொண்டால் அதோடு தொலைந்தேன் என்று நினைப்பவனால் அதைச் செய்ய முடியாது. மன்னிப்பு உண்டு என்று நம்புகிறவனுக்குக் கொஞ்சம் எளிது.

வரலாற்றில் இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய உதாரணம் ஜெர்மன் வானியலாளர் கெப்ளர். இறையியல் படித்துத் திருச்சபைப் பணிக்குப் போக நினைத்த மனிதர், வானியலுக்குத் திருப்பிவிடப்பட்டார். செவ்வாய்க் கோளின் பாதையைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் கணக்குப் போட்டார். வட்டப் பாதையை வைத்து ஒரு மாதிரியை உருவாக்கினார், அது ஏறக்குறைய எல்லா இடத்திலும் பொருந்தியது. வானத்தை மிகத் துல்லியமாக அளந்து வைத்த டைக்கோ பிராஹேயின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது சில இடங்களில் மட்டும் 8 கலை வித்தியாசம் வந்தது. ஒரு பாகையில் 60 கலை. 8 கலை என்பது முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு அளவுதான். பண்டைய வானியலாளர் தாலமி காலத்து அளவுகள் 10 கலைக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல, அதனால் பழைய வானியலாளர் எவரும் இதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார். டைக்கோ அத்தனை பெரிய பிழை செய்கிறவர் இல்லை என்று கெப்ளருக்குத் தெரியும். இவ்வளவு கவனமான ஒரு பார்வையாளரைக் கடவுளின் கிருபை நமக்குக் கொடுத்திருக்கிறது, அந்தக் கொடையை நன்றியோடு ஏற்றுப் பயன்படுத்துவதே தகும் என்று எழுதிவிட்டு, தன் மாதிரியைத் தூக்கிப் போட்டார். அந்த 8 கலைதான் அவரை வட்டத்திலிருந்து நீள்வட்டத்துக்குக் கொண்டுபோனது. 1609-இல் நூலாக வந்தது. தரவு கடவுளின் கொடை, ஆகவே அதை வளைக்கக் கூடாது. "விசுவாசமும் ஆராய்ச்சியும்" என்ற தலைப்பில் நான் கேட்ட பல பிரசங்கங்களைவிட இந்த ஒரு செயல் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

சரி, சபையில் சொல்கிற "சாட்சி" விஷயத்துக்கு வருவோம். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் ஆய்வு முடிவு வேதத்தை நிரூபிக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னால், அந்தச் சுமையை ஏற்காதீர்கள். மின்காந்தவியலைக் கட்டியெழுப்பிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஆழ்ந்த கிறிஸ்தவர். 1876-இல் ஒரு பேராயர் அவருக்கு எழுதினார்: சூரியனுக்கு முன்பே ஒளி படைக்கப்பட்டதாக ஆதியாகமம் சொல்வதை, விஞ்ஞானிகள் பேசும் ஈதரோடு தொடர்புபடுத்தலாமா? ஒளி அலைகளைச் சுமக்கும் ஊடகம் என்று அக்காலத்தில் எல்லாரும் நம்பிய பொருள்தான் ஈதர். "ஆம்" என்று எழுதியிருந்தால் எத்தனையோ பிரசங்கிமார் மகிழ்ந்திருப்பார்கள். மேக்ஸ்வெல் மறுத்தார். விஞ்ஞானக் கருதுகோள்கள் வேத விளக்கங்களைவிட வேகமாக மாறுகின்றன. ஒரு விளக்கத்தைக் கருதுகோளோடு சேர்த்துக் கட்டினால், எப்போதோ புதைத்திருக்க வேண்டிய கருதுகோளைப் புதைக்க முடியாமல் போகும் என்பது அவர் கவலை. 11 ஆண்டுகள் கழித்து, 1887-இல், இயற்பியலாளர் மைக்கல்சனும் வேதியியலாளர் மார்லியும் தேடிப் பார்த்தபோது ஈதரின் தடயம் கிடைக்கவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்றார். பேராயருக்கு மேக்ஸ்வெல் இணங்கியிருந்தால் ஈதரோடு சேர்ந்து அந்த வேத விளக்கமும் போயிருக்கும்.

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பின்னாளில் பெருவெடிப்பு என்று பெயர் பெற்ற கருத்துக்கு அவரே தொடக்கம். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், நவீன வானியல் "ஒளி உண்டாகக்கடவது" என்ற வார்த்தைக்குச் சாட்சி சொல்வதுபோலப் பேசினார். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, அதை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரேபோலப் பரிசோதிக்கலாம் என்பதில் உறுதியாக இருந்தார். குருவானவருக்கே இந்தக் கவனம் இருந்தது என்றால் நமக்கு எவ்வளவு வேண்டும்!

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சறுக்கலும் உண்டு. விஞ்ஞானம் இன்னும் விளக்காத இடத்தில் கடவுளை வைப்பது. ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் கோட்பாட்டாளராக இருந்த சார்லஸ் கூல்சன், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், 1950-களிலேயே இதைக் கடுமையாக எச்சரித்தார். தெரியாத இடம் வந்தால் கடவுளைக் கண்டுவிட்டதாக மகிழக் கூடாது, இன்னும் நல்ல விஞ்ஞானியாக வேலை செய்ய வேண்டும் என்றார். நாஜிச் சிறையிலிருந்து ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1944-இல் எழுதிய கடிதத்திலும் இதே கருத்து இருக்கிறது: நமக்குத் தெரியாததில் கடவுளைத் தேடாமல் தெரிந்ததில் தேட வேண்டும். எனக்கு ஒரு நொதியின் அமைப்பு முழுதாகப் புரிந்த நாளில்தான் துதி அதிகம் வந்தது. புரியாத நாட்களில் தலைவலிதான் வந்தது.

இனி மறுபக்கம். விசுவாசத்தை வாசலில் விட்டுவிட்டு வா என்கிறார்களே, அதில் பாதி சரி. போதகரும் நாத்திகரும் ஒரே வெப்பமானியைப் பார்த்தால் ஒரே எண்ணைத்தான் சொல்ல வேண்டும். ஆய்வு முறை அப்படிப்பட்டது. இயற்கைக் காரணங்களை மட்டும் தேடுவது அதன் எல்லை, அந்த எல்லையை மதிப்பதால் நீங்கள் கர்த்தரை மறுதலிக்கவில்லை. சிக்கல் வருவது, எல்லையையே உலகத்தின் முடிவு என்று யாராவது சொல்லும்போது. ஜெபம் செய்கிறவரின் மூளையில் எந்தப் பகுதி கூடுதலாக இயங்குகிறது என்று ஸ்கேன் காட்டினால், அது ஆய்வு முடிவு. "ஆகவே ஜெபத்தைக் கேட்க யாரும் இல்லை" என்பது அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை, எழுதியவர் கையிலிருந்து போட்டது. கட்டுரைகளைப் படிக்கும்போது அளந்தது எது, ஆசிரியர் தன் தத்துவமாகச் சேர்த்தது எது என்று பென்சிலால் பிரித்துக் கோடு போடுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

உயிரியலில் இருப்பவர்களுக்குப் பரிணாமம் பற்றிய கேள்வி வந்தே தீரும். விசுவாசிகள் இதில் ஒரே கருத்தில் இல்லை. என் நிலை இது: சான்றுகள் வலுவானவை, அவற்றை நான் ஏற்கிறேன், ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் யார் படைத்தார், எதற்காக என்று சொல்ல வந்தது என்றே வாசிக்கிறேன். டார்வின் காலத்திலேயே தாவரவியலாளர் ஆசா கிரே இப்படி ஒரு வழியைத் தேடினார். பிரெஸ்பிட்டேரியன் விசுவாசியான அவருக்கு 1857-இல் டார்வின் எழுதிய கடிதத்தின் பகுதி, 1858-இல் இயற்கைத் தேர்வை முதலில் உலகுக்கு அறிவித்த கட்டுரையிலேயே இடம்பெற்றது. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நேர்மையாகப் போராடுங்கள். ஆனால் எதிர்த்தரப்பின் மூலக் கட்டுரைகளைப் படிக்காமல், யாரோ சொன்ன சுருக்கத்தை வைத்துக்கொண்டு அவர்களை மறுக்காதீர்கள். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளை மேற்கோள் காட்டும்போதும் பொருந்தும். ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதுவது பொய்ச்சாட்சி. படிக்காத கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்ப்பதும் அதற்குப் பக்கத்து வீடு.

வரலாறு, இலக்கியம், சமயவியல் படிப்பவர்களுக்கு உரசல் இன்னும் நேரடியானது. அவர்கள் ஆராயும் பனுவலே வேதமாக இருக்கலாம். நிறைகல்லைப் பற்றி மேலே சொன்னதுதான் அங்கேயும். மற்ற மத நூல்களைக் கறாரான கல்லால் நிறுத்துவிட்டு, நம் நூலுக்கு லேசான கல்லை எடுக்கக் கூடாது. கல்லூரி நண்பர்களின் மரியாதைக்காக நம் நூலுக்கு மட்டும் கூடுதல் கறாரான கல்லை எடுப்பதும் கள்ளத்தராசுதான். இந்த இரண்டாவது வகையை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தானியேலை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் நண்பர்களும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார்கள். அந்நிய தெய்வங்களின் கதைகளும் நட்சத்திர சாஸ்திரமும் நிறைந்த பாடத்திட்டம் அது. படிக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ராஜாவின் போஜனத்தில்தான் கோடு கிழித்தார், அதையும் சண்டை போடாமல், பத்து நாள் சோதித்துப் பாரும் என்று கேட்டார். ஆய்வு உலகத்தில் அந்தப் போஜனம் பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் இருப்பதில்லை. மேலே போகும் வழியில் இருக்கிறது. வேலை செய்யாதவர் பெயரை ஆசிரியர் பட்டியலில் சேர்ப்பது, வேலை செய்த இளையவர் பெயரை விட்டுவிடுவது, போட்டிக் குழுவின் கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தால் அதை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது. கட்டுரையை மதிப்பீடு செய்கிறவரின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியாது. முகம் தெரியாதபோது எப்படிப் பேசுகிறோம் என்பது பிறனை நேசிப்பதற்கு நல்ல பரீட்சை. நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: மதிப்பீட்டை எழுதி முடித்ததும், கீழே என் பெயரை எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பப் படிப்பேன். பல வாக்கியங்களை அப்போது மாற்றியிருக்கிறேன்.

ஓய்வுநாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆறு நாள் ஆய்வுக்கூடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மடிக்கணினியைத் திறக்கிறீர்களா? நான் திறந்தேன், பல வருடம். நான் நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்ற எண்ணம் அதற்கடியில் இருந்தது. ஓய்வுநாள் அந்த எண்ணத்தை வாரம் ஒருமுறை முறிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களுக்கு ஞாயிறன்றும் ஊட்டக்கரைசல் மாற்ற வேண்டியிருக்கும், அது உண்மைதான். கழுதை குழியில் விழுந்தால் தூக்கிவிடலாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். தூக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அங்கீகாரம் வராமல் போவதும் இந்த வேலையில் உண்டு. மரபியலுக்கு அடித்தளம் போட்ட துறவி மெண்டல், தன் மடத்துத் தோட்டத்தில் 8 ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை எண்ணினார், ஏறக்குறைய 28,000 செடிகள். 1866-இல் வந்த கட்டுரையை அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் 1884-இல் இறந்தார், உலகம் அதைக் கண்டெடுத்தது 1900-இல். அந்தக் கட்டுரையில் பக்தி வாசகங்கள் இல்லை. செடிகளும் எண்களும் இருக்கின்றன. எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று உங்களை நீங்களே நிறுத்துப் பார்க்கும் நாள் வரும். அப்போது நீங்கள் யார் என்பதை ஞானஸ்நானம் ஏற்கெனவே சொல்லிவிட்டது என்று யாராவது நினைவூட்ட வேண்டும். அதற்காகவாவது சபையை விட்டுவிடாதீர்கள்.

சபையில் உங்கள் வேலை புரியவில்லை என்றால் புரியும்படி சொல்லுங்கள். வாலிபர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். கடவுளை நிரூபிக்கும் உரை வேண்டாம், இந்த வாரம் என்ன அளந்தீர்கள் என்று மட்டும் காட்டுங்கள். ஜெபிக்கும்போது "முடிவு நன்றாக வரட்டும்" என்று கேட்காமல், "இருப்பதைப் பார்க்கக் கண்களைத் தாரும்" என்று கேட்கச் சொல்லுங்கள். மேக்ஸ்வெல் தலைமையில் 1874-இல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்தின் கதவில் 111-ஆம் சங்கீதத்தின் வசனம் லத்தீனில் செதுக்கப்பட்டது: கர்த்தரின் செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவை. நம் தமிழ் வேதத்தில் "எல்லாராலும்" என்று இருக்கிறது. உங்கள் நெறியாளரும் அதில் அடக்கம்.

அவரிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லலாம், ஆனால் அறிவிப்புப் போலப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. "ஞாயிறு காலை நான் வர முடியாது, ஆராதனைக்குப் போகிறேன், சனிக்கிழமை கூடுதலாக இருந்து முடித்துவிடுகிறேன்" என்று சொன்னாலே போதும். அவர் மேலே கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். என் நெறியாளர் அந்தக் குறிப்பேட்டு விஷயம் நடந்து ஆறு வருடம் கழித்துத்தான் கேட்டார், அன்றைக்கு ஏன் அதைக் கொண்டுவந்தாய் என்று. நீதிமொழிகளின் அந்த வசனத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.